கற்றலை மதிப்பிடுதல்: வினாப் பகுப்பாய்வை மீள்நோக்குப் பதிவாக எழுதுவது எப்படி?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். பி.எட். 'கற்றலை மதிப்பிடுதல்' தாளுக்கு அடைவுச் சோதனைப் பதிவேட்டோடு நான்கு பக்கத்துக்கு மீள்நோக்குப் பதிவும் (செய்ததைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து கற்றதை எழுதுவது) கேட்கிறார்கள். பதிவேடு முடிந்துவிட்டது. மீள்நோக்கில்தான் சிக்கல். முதல் வரைவைப் பார்த்த பேராசிரியர், "பதிவேட்டில் இருக்கிற எண்களையே வாக்கியமாக மாற்றி எழுதியிருக்கிறாய், இது மீள்நோக்கு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சோதனை விவரம்: ஒன்பதாம் வகுப்பு அறிவியல், மாநிலப் பாடத்திட்டம், 'அமிலங்கள், காரங்கள் மற்றும் உப்புகள்' அலகு. 40 மாணவர்கள், 25 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 10, இரண்டு மதிப்பெண் வினா 5, ஐந்து மதிப்பெண் வினா 1. சராசரி 15.2, திட்ட விலக்கம் 4.1. மொத்த மதிப்பெண் வரிசையில் மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என்று தலா 11 பேரைப் பிரித்தேன். கடினத்தன்மை எண் என்பது இரு குழுவிலும் சேர்த்துச் சரியாக எழுதியவர்களின் பங்கு; பாகுபடுத்தும் எண் என்பது மேல்குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ்க்குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்து 11-ஆல் வகுத்தது. எனக்குக் குழப்பம் தந்த மூன்று வினாக்கள்:

வினா 3: மேல்குழுவில் 11 பேர், கீழ்க்குழுவில் 10 பேர் சரி. கடினத்தன்மை எண் 0.95, பாகுபடுத்தும் எண் 0.09.

வினா 6: மேல்குழுவில் 5, கீழ்க்குழுவில் 7. கடினத்தன்மை 0.55, பாகுபடுத்தும் எண் -0.18.

வினா 9: மேல்குழுவில் 8, கீழ்க்குழுவில் 3. கடினத்தன்மை 0.50, பாகுபடுத்தும் எண் 0.45.

3-ஐயும் 6-ஐயும் நீக்கலாம், 9-ஐ வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். இதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது? ஆல்பா (தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்) வேறு கணக்கிடச் சொல்கிறார்கள். அதைப் பதிவில் எப்படிச் சேர்ப்பது?

---

மஞ்சக்குப்பம்_மதிப்பீடு

உங்கள் கணக்கு சரி. முடிவுக்குத்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள். பாகுபடுத்தும் எண் 0.40-உம் அதற்கு மேலும் மிக நன்று, 0.30 முதல் 0.39 வரை நன்று, 0.20 முதல் 0.29 வரை திருத்து, அதற்குக் கீழே நீக்கு என்ற ஈபெல் அட்டவணை எல்லாப் பதிவேட்டிலும் இருக்கிறது. எந்த வினாவை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டத்தான் அது உதவும். நீக்குவதா வைப்பதா என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

முதலில் உங்கள் குழுவின் அளவைப் பாருங்கள். 27 சதவீதம் என்பது கெல்லி 1939-இல் சொன்னது. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்த பெரிய குழுக்களை வைத்துச் சொன்னது. உங்களிடம் ஒரு பக்கத்துக்கு 11 பேர்தான். ஒரே ஒரு பிள்ளை விடையை மாற்றி எழுதியிருந்தால் பாகுபடுத்தும் எண் 0.09 நகர்ந்துவிடும். வினா 3-க்கு வந்த 0.09 ஒரு மாணவர், வினா 6-க்கு வந்த -0.18 இரண்டு மாணவர், அவ்வளவுதான். 40 பேர் வகுப்பில் 20, 20 என்று சரிபாதியாகவே பிரிக்கலாம், எண் கொஞ்சம் நிலையாக வரும். எந்த முறையை ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினாலே அது மீள்நோக்கில் சேரும்.

வினா 3-ஐ நீக்க வேண்டாம். கடினத்தன்மை எண் 0.95 என்றால் வினா எளிது என்று பொருள் (எண் கூடக் கூட எளிமை, பதிவேடுகளில் இதைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறைய). கிட்டத்தட்ட எல்லாருமே சரியாக எழுதிய வினா எப்படிப் பாகுபடுத்தும்? அடிப்படைக் கருத்து ஒன்று வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வைத்த வினா என்றால் அது வேலையைச் செய்துவிட்டது. வரிசைப்படுத்த வைத்த வினா என்றால் செய்யவில்லை. எதற்காக வைத்தீர்கள் என்பது உங்கள் வரைவுத்திட்டத்தில் (எந்த வினா எதை அளக்கிறது என்ற தாள் திட்டம்) இருக்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் அதுவே எழுத வேண்டிய விஷயம்.

6, 9 இரண்டுக்கும் வினாவையும், ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற பிரிப்பையும் இங்கே போடுங்கள். அது இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

---

கெடிலக்கரை (கடலூர்)

நன்றி சார். விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பிரித்தேன்.

வினா 6: பின்வருவனவற்றுள் எரிகாரம் அல்லாதது எது? அ) சோடியம் ஹைட்ராக்சைடு ஆ) அலுமினியம் ஹைட்ராக்சைடு இ) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஈ) துத்தநாக ஹைட்ராக்சைடு. விடைக்குறிப்பு: ஆ.
மேல்குழு: ஆ 5, ஈ 6. கீழ்க்குழு: ஆ 7, ஈ 2, அ 1, இ 1.

வினா 9: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சில துளிகளை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் கிடைப்பது: அ) வலிமை குறைந்த, நீர்த்த அமிலம் ஆ) வலிமை மிக்க, நீர்த்த அமிலம் இ) வலிமை குறைந்த, செறிவு மிக்க அமிலம் ஈ) வலிமை மிக்க, செறிவு மிக்க அமிலம். விடைக்குறிப்பு: ஆ.
மேல்குழு: ஆ 8, அ 3. கீழ்க்குழு: ஆ 3, அ 7, இ 1.

---

நெல்லிக்குப்பம்_வேதியியல்

வினா 6-க்கு இரண்டு விடை இருக்கிறதே! நீரில் கரையும் காரம்தான் எரிகாரம். அலுமினியம் ஹைட்ராக்சைடும் கரையாது, துத்தநாக ஹைட்ராக்சைடும் கரையாது. ஆ, ஈ இரண்டும் சரி. மேல்குழுவில் 11 பேருமே சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் 6 பேருக்கு மதிப்பெண் போகவில்லை.

பேசாமல் வினாவை ரத்து செய்துவிட்டு 24-க்குப் போட்டுவிடலாமே?

---

மஞ்சக்குப்பம்_மதிப்பீடு

ரத்து செய்வது எல்லாருக்கும் ஒரே மாதிரி முடியாது. 25-க்கு 12 எடுத்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வினா 6-க்கு ஆ எழுதி ஒரு மதிப்பெண் பெற்றவர். ரத்தானால் அவர் 24-க்கு 11, அதாவது 45.8 சதவீதம். மற்றவர் அ என்று தவறாக எழுதியவர். அவர் 24-க்கு 12, அதாவது 50 சதவீதம். முன்பு இருவருக்குமே 48. சரியாக எழுதியவர் இறங்குகிறார், தவறாக எழுதியவர் ஏறுகிறார். எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுவதிலும் அ, இ எழுதியவர்களுக்குச் சும்மா போகும்.

இங்கே நியாயம் ஆ, ஈ இரண்டையும் ஏற்பதுதான். அப்படி ஏற்றால் மேல்குழு 11, கீழ்க்குழு 9. கடினத்தன்மை 0.91, பாகுபடுத்தும் எண் 0.18. எதிர்மறை போய்விட்டது, ஆனால் வினா எளிதாகிவிட்டது. இரண்டு குழுவிலும் சேர்த்து 8 பேருக்கு ஒரு மதிப்பெண் கூடும். இடையில் இருக்கிற 18 பேரின் தாள்களையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மொத்த மதிப்பெண் மாறியதும் வரிசை மாறும், வரிசை மாறினால் மேல் 11, கீழ் 11 யார் என்பதே மாறலாம். ஆகவே மறுபடி அடுக்கி, எல்லா வினாவுக்கும் எண்களைப் புதிதாகப் போடுங்கள். நான் சொன்ன 0.91, 0.18 எல்லாம் பழைய குழுவை வைத்து வந்தவை.

வினா வங்கிக்கு எழுதும்போது 'அல்லாதது' என்ற எதிர்மறைத் தண்டைத் (தெரிவுகளுக்கு முன் வரும் கேள்விப் பகுதி) தவிர்த்துவிடுங்கள். 'நீரில் கரையும் காரம் எது?' என்று கேட்டு அலுமினியம், துத்தநாகம், காப்பர் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகளோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடை வைத்தால் விடை ஒன்றுதான். எதிர்மறை கட்டாயம் வேண்டும் என்றால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு அடிக்கோடிடுங்கள்.

ஒரு விஷயம்: பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டில் நீங்களாக எதையும் திருத்தாதீர்கள். வகுப்பாசிரியரிடம் எண்களோடு சொல்லுங்கள், திருத்துவது அவர் பொறுப்பு.

---

முத்தியால்பேட்டை_அகமதிப்பீடு (புதுச்சேரி)

எல்லாரும் 6-ஐயே பார்க்கிறீங்க. எனக்கு 9-தான் முக்கியமாகத் தெரியுது.

பாகுபடுத்தும் எண் 0.45, அட்டவணைப்படி 'மிக நன்று'. அதனால நீங்க 'வைத்துக்கொள்ளலாம்'னு ஒரு வரியில முடிச்சிட்டீங்க. ஆனா பிரிப்பைப் பாருங்க: 22 பேர்ல 10 பேர் அதே அ-வை எடுத்திருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு எழுதினவங்களா இருந்தா அ, இ, ஈ-ன்னு சிதறியிருக்கும். ஒரே இடத்துல குவிஞ்சா அங்க ஒரு தவறான கருத்து இருக்குன்னு அர்த்தம். 'நீர் ஊத்தினா அமிலம் வலிமை குறைஞ்சிடும்'னு நினைக்கிறாங்க. வலிமைங்கறது அமிலம் எவ்வளவு அயனியாகுதுங்கறதப் பொறுத்தது, செறிவுங்கறது குறிப்பிட்ட கரைசல்ல எவ்வளவு அமிலம் இருக்குங்கறதப் பொறுத்தது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டாங்க. மேல்குழுவுலயே 3 பேர்!

பேராசிரியர் தேடுற மீள்நோக்கு இங்கதான் கிடைக்கும். எப்படிக் கொண்டு போகலாம்னு சொல்றேன்.

குறைதீர் கற்பித்தலுக்கு ஒரு பாடவேளை போதும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், ரெண்டு முகவை. பிஹெச் தாள்ல முதலாவது 1, ரெண்டாவது ஏறக்குறைய 3. செறிவு ஒண்ணு, வலிமை வேற. அப்புறம் ஹைட்ரோகுளோரிக்கை மட்டும் 100 மடங்கு நீர்க்கச் செய்யுங்க: 10 மில்லி எடுத்து நீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கினா 0.001 மோலார், பிஹெச் 3. இப்ப ரெண்டு முகவையும் தாள்ல ஒரே நிறம் காட்டும். 'இப்ப இதுவும் வலிமை குறைந்த அமிலம் ஆயிடுச்சா?'ன்னு கேளுங்க. விவாதம் தானா வரும். சாதாரண பிஹெச் தாள் முழு எண் அளவுக்குத்தான் காட்டும், 2.9-ஐயெல்லாம் அதுல தேடாதீங்க. அமிலத்தை நீங்களே கையாளுங்க, பிள்ளைங்க கையில குடுக்க வேண்டாம்.

முடியும்போது துண்டுத்தாள்ல ஒரே ஒரு வினா: '0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தோட நீர் சேர்த்தா எது மாறும், எது மாறாது?' வினா 9-ஐயே திருப்பிக் குடுக்காதீங்க. விடை ஆ-ன்னு இதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.

தொகுத்தறி மதிப்பீடா (பாடம் முடிஞ்சதும் எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு பார்க்குறது) நடத்தின சோதனை, அதோட முடிவை வச்சு நீங்க கற்பித்தலை மாத்தும்போது வளரறி மதிப்பீட்டு (கற்றலை மேம்படுத்தப் பார்க்குறது) வேலையைச் செய்யுது. ஸ்கிரிவன் 1967-ல பிரிச்ச அந்த ரெண்டும் சோதனையோட வகை இல்ல, அதைப் பயன்படுத்துற விதம்னு எழுதுறதுக்கு இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது.

---

கெடிலக்கரை (கடலூர்)

9-ஐ அப்படி யோசிக்கவே இல்லை. மிக்க நன்றி மேடம். அப்படியென்றால் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கும் இதே மாதிரிப் பார்க்க முடியுமா? அவற்றுக்குச் சரி, தவறு என்று பிரிக்க முடியவில்லை, 1 மதிப்பெண்ணும் வருகிறது. ஆல்பா பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மஞ்சக்குப்பம்_மதிப்பீடு

பகுதி மதிப்பெண் வரும் வினாவுக்குத் தலையை எண்ணாதீர்கள், மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். மேல்குழுவின் 11 பேரும் ஒரு வினாவில் எடுத்த மொத்தம் 19, கீழ்க்குழு 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு எடுக்கக்கூடிய அதிகபட்சம் 11 பெருக்கல் 2, அதாவது 22. பாகுபடுத்தும் எண்: 19 கழித்தல் 8, வகுத்தல் 22, ஆக 0.50. கடினத்தன்மை: 19 கூட்டல் 8, வகுத்தல் 44, ஆக 0.61. ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் இதே வழிதான், அதிகபட்சம் மட்டும் 55.

நம்பகத்தன்மைக்கு வருவோம். கூடர்-ரிச்சர்ட்சன் 20 வாய்பாடு (1937) 0, 1 மட்டும் வரும் வினாக்களுக்கு. உங்கள் தாளில் 2, 5 மதிப்பெண் வினாக்கள் இருப்பதால் முழுத்தாளுக்கு அது பொருந்தாது, கிரான்பாக் ஆல்பாதான் (1951). எக்செல்லில் மாணவர் ஒருவருக்கு ஒரு வரிசை, வினா ஒன்றுக்கு ஒரு நெடுவரிசை: 40 வரிசை, 16 நெடுவரிசை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மாறுபாடு கண்டு, 16-ஐயும் கூட்டுங்கள். மொத்த மதிப்பெண்ணின் மாறுபாட்டால் அதை வகுத்து, 1-லிருந்து கழியுங்கள். வந்ததை 16/15-ஆல் பெருக்குங்கள். மாறுபாட்டுக்கு எக்செல்லில் முழுத்தொகுதிக்கு ஒன்று, மாதிரிக்கு ஒன்று என இரண்டு சார்புகள் உண்டு. வினாக்களுக்கு ஒன்று, மொத்தத்துக்கு வேறொன்று என்று கலந்துவிட்டால் ஆல்பா தவறாக வரும். விடை எழுதாமல் விட்ட வினாவுக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 போடுங்கள்; காலிக் கட்டத்தை எக்செல் கணக்கிலேயே எடுக்காது.

எண் வந்ததும் 'நம்பகத்தன்மை மிதமானது' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். அதை அளவீட்டுத் திட்டப்பிழையாக மாற்றுங்கள். உதாரணமாக ஆல்பா 0.64 என்றால்: 1 கழித்தல் 0.64, 0.36, அதன் வர்க்கமூலம் 0.6, திட்ட விலக்கம் 4.1-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5. அதாவது 15 மதிப்பெண் எடுத்த மாணவரின் உண்மை நிலை ஏறத்தாழ 12.5-க்கும் 17.5-க்கும் இடையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அப்படியிருக்க 16 எடுத்தவரை ஓர் இடம், 15 எடுத்தவரை அதற்குக் கீழே ஓர் இடம் என்று தரப்பட்டியல் ஒட்டுவதற்கு இந்தத் தாள் தாங்குமா? தாங்காது. இதை எழுதுங்கள்.

---

திருப்பாதிரிப்புலியூர்_பயிற்சி

ஆல்பா குறைவாக வந்தால் வினாவை மட்டும் குறை சொல்ல வேண்டாம், திருத்திய விதத்தையும் பாருங்கள். ஒரு மாணவரின் தாள் முழுவதையும் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போனால், முதல் பக்கத்தின் அழகான கையெழுத்து கடைசி வினா வரைக்கும் மதிப்பெண் வாங்கிக் கொடுக்கும். வினா 11-ஐ 40 பேருக்கும் முடித்த பிறகு 12-க்கு வாருங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் விடைத்தாள் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். பெயர் பக்கத்தை மடித்துவிடுங்கள்.

'காரணம் கூறு' வகை இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடைக்குறிப்பில் 'சரியான விளக்கம் 2' என்று போட்டிருந்தால் அது விடைக்குறிப்பே இல்லை. எறும்புக் கடிக்குச் சமையல் சோடா ஏன் என்றால்: கடித்த இடத்தில் இருப்பது அமிலம் என்று சொன்னதற்கு 1, சோடா காரத்தன்மை உடையது என்பதால் நடுநிலையாக்கும் என்றதற்கு 1. 'எரிச்சல் குறையும்' என்று மட்டும் எழுதினால் 0. திருத்தி ஒரு வாரம் கழித்து 10 தாளைப் பழைய மதிப்பெண் தெரியாமல் மறுபடி திருத்திப் பாருங்கள். எந்த வினாவில் உங்களுக்கே மதிப்பெண் மாறுகிறதோ அங்கே குறிப்பு போதவில்லை.

---

முத்தியால்பேட்டை_அகமதிப்பீடு (புதுச்சேரி)

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி கொடுக்கிறேன். கிப்ஸ் 1988-ல சொன்ன ஆறு படிகளை (நிகழ்வு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம்) ஆறு சம பகுதியாப் பிரிச்சு நிரப்புறதுதான் வழக்கமான கோளாறு. நாலு பக்கத்துல நிகழ்வுக்கு அரைப் பக்கம் போதும், பதிவேடு பின்னாலயே இருக்கு. பகுப்பாய்வுக்கு ரெண்டு பக்கம். உணர்வுக்கு ஒரு வரி வந்தாலும் பரவாயில்ல.

இப்படி எழுதினா திரும்பி வரும்: 'வினா 6-இன் பாகுபடுத்தும் எண் -0.18. எனவே அது நீக்கப்பட்டது. இனிவரும் காலங்களில் தரமான வினாக்களைத் தயாரிப்பேன்.'

இப்படி எழுதினா நிக்கும்: 'வினா 6-க்கு ஆ, ஈ இரண்டும் சரியான விடைகள். விடைக்குறிப்பு ஆ-வை மட்டும் ஏற்றதால், மேல், கீழ்க் குழுக்களில் ஈ எழுதிய 8 பேர் மதிப்பெண் இழந்தனர். அவர்களில் 6 பேர் மேல்குழுவினர். எதிர்மறை எண்ணுக்குக் காரணம் மாணவர்களின் அறியாமை அன்று. விடைக்குறிப்பைப் பிறிதொருவர் சரிபார்க்காததே காரணம். அடுத்த தாளில் ஒவ்வொரு பல்தெரிவு வினாவையும் விடைக்குறிப்பு இல்லாமல் உடன்பயிலும் ஒருவரிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்வேன்.'

ரெண்டாவதுல யாருக்கு என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, எந்த இடத்துல எதை மாத்துவேன்னு மூணும் இருக்கு. 'தரமான வினா'ன்னு சொல்றதை நாளைக்கு யாராலயும் சரிபார்க்க முடியாது. 'விடைக்குறிப்பு இல்லாம ஒருத்தர்கிட்ட குடுத்தேனா'ங்கறதைச் சரிபார்க்க முடியும்.

மூணு வினாவையும் சமமா எழுத வேணாம். 9-க்கு ஒரு பக்கம், 6-க்கு முக்கால் பக்கம், 3-க்கு நாலு வரி.

---

வில்லியனூர்_கணினி

கொஞ்சம் விலகிய கேள்வி. புதுச்சேரி அரசுப் பள்ளியில் பயிற்சி கிடைத்தால் இதே தாளை அங்கே கொடுக்கலாமா?

---

முத்தியால்பேட்டை_அகமதிப்பீடு (புதுச்சேரி)

முடியாது. இங்க அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறியாச்சு. சிபிஎஸ்இ-ல இந்த அலகு பத்தாம் வகுப்புல வருது, ஒன்பதுல இல்ல. வரைவுத்திட்டமும் வேற. 9, 10 வகுப்பு ஆண்டுத் தேர்வுக்குத் திறன்சார் வினா 50 சதவீதம், தெரிவு விடை வினா 20, எழுதி விடையளிக்கிற வினா 30-ன்னு வாரியமே விகிதம் குடுத்திருக்கு. அறிவு, புரிதல், பயன்பாடுன்னு நம்ம பதிவேட்டுல போடுற பங்கீட்டை அப்படியே தூக்கிட்டுப் போனா பொருந்தாது. அக மதிப்பீடு 20-ம் பருவத் தேர்வு, பல்வகை மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ (மாணவர் வேலைத் தொகுப்பு), பாடச் செறிவூட்டல்னு தலா 5.

இன்னொண்ணு: ஒரு பத்தியைக் குடுத்து அதுலேர்ந்து நாலு வினா கேட்டா அந்த நாலும் தனித்தனி வினா இல்ல. பத்தி புரியாதவன் நாலையும் விடுவான். தனித்தனியாப் போட்டு ஆல்பா கணக்கிட்டா எண் வீங்கி வரும். நாலையும் கூட்டி ஒரே நெடுவரிசையாப் போடுங்க.

---

கெடிலக்கரை (கடலூர்)

இடையில் இருந்த 18 தாள்களையும் பார்த்தேன். அதில் 5 பேர் ஈ எழுதியிருக்கிறார்கள். ஆக மொத்தம் 13 பேருக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது. சராசரி 15.2-லிருந்து 15.5 ஆகிறது. வகுப்பாசிரியரிடம் பட்டியலாகக் கொடுக்கிறேன். ஒரே சந்தேகம்: பதிவேட்டில் பழைய பகுப்பாய்வு அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதியதை வைப்பதா?

---

மஞ்சக்குப்பம்_மதிப்பீடு

இரண்டையும் வையுங்கள். பழையதன் மேல் 'விடைக்குறிப்பு திருத்தத்துக்கு முன்', புதியதன் மேல் 'திருத்தத்துக்குப் பின்' என்று எழுதி, இரண்டிலும் தேதி போடுங்கள். மீள்நோக்கில் -0.18 என்று நீங்கள் குறிப்பிடும் இடத்தில் பழைய அட்டவணையின் பக்க எண் இருக்க வேண்டும். அது இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் அந்த எண்ணை எங்கே தேடுவார்?